வண்டியை யார் ஓட்டுவது?

1

சென்ற மாதம் என் கண் டாக்டர் ஒரு கையெழுத்துப் போட மறுத்தார். என் வயதுக்காரர்கள் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். டாக்டர் சான்று இல்லாமல் அது நடக்காது. தாளை மேசையில் விரித்து வைத்து, பேனாவையும் மூடியைத் திருகி நீட்டிவிட்டேன். அவர் பேனாவை வாங்கவில்லை. என் முகத்துக்கு வலப்பக்கம் கையைக் கொண்டுபோய், "எத்தனை விரல்?" என்று கேட்டார். "எங்கே?" என்று நான் கேட்டேன். அதோடு பரீட்சை முடிந்தது.

எழுபத்தாறு வயதில் இதை அநியாயம் என்று சொல்ல முடியாது. கல்கத்தாவுக்கு வந்து நாற்பத்தொன்பது வருடம் ஆகிறது. அதில் முப்பத்தைந்து வருடம் இந்த ஊர்த் தெருக்களில் வண்டி ஓட்டியிருக்கிறேன். போதும். ஆனால் அதே மாதத்தில் என் பழைய காருக்கும் பதினைந்து வயது முடிந்தது. பதிவை நீட்டிக்க வேண்டுமானால் சோதனை, வரி, கட்டுக்கட்டாய்த் தாள்கள். இரண்டு கிழங்களும் ஒரே சமயத்தில் ஓய்வு பெறட்டும் என்று மகள் நித்யா சொன்னாள்.

"வித்துடுங்கப்பா. ஃபோன்ல கூப்பிட்டா டாக்ஸி வருது. எதுக்கு வீணா?"

அதற்கு என் மனைவி கோமதி பதில் சொன்னாள். "வருது. பாலிகஞ்ச் வரைக்கும் வருது. நம்ம சந்துக்குள்ள மட்டும் வர மாட்டேங்கான். மெயின் ரோட்டுல நின்னுக்கிட்டு, நீங்க நடந்து வாங்க 'மாஷிமா'ங்கான். முறைக்கு மட்டும் நான் பெரியம்மா. என் முட்டி என்ன சொல்லுதுன்னு அவனுக்குத் தெரியுமா?"

கோமதிக்கு அறுபத்தெட்டு வயது. வாரத்தில் மூன்று நாள் முழங்கால் சிகிச்சைக்குப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் நியூ டவுனில் இருக்கும் நித்யா வீட்டுக்குப் போக வேண்டும். எனவே புதுக் கார் வாங்குவது, டிரைவர் சென்டரிலிருந்து வேண்டிய அன்றைக்கு மட்டும் ஆள் வரவழைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

தேவைக்கும் கையிருப்புக்கும் ஏற்ற கார் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதலாம் என்றுதான் இந்தக் குறிப்புகளைத் தொடங்கினேன். மோட்டார் இன்ஷூரன்ஸ் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்தவன். எனக்குத் தெரிந்ததைச் சொன்னால் யாருக்காவது பயன்படும் என்று நினைத்தேன். அது வேறு எங்கோ கொண்டுபோய் விட்டது.

2

தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கடைக்குப் போகுமுன் வண்டி நிற்கப்போகும் இடத்தை அளந்துகொள்ளுங்கள். எங்கள் கட்டடத்தின் கராஜ்கள் ஒல்லியான பழைய வண்டிகளுக்காகக் கட்டியவை. இப்போது வருகிற வண்டிகள் உள்ளே போய்விடும். கதவைத் திறந்து மனிதன் வெளியே வர முடியாது. விளம்பரத்தில் போட்டிருக்கும் விலையைப் பார்த்து மனக்கோட்டை கட்டாதீர்கள். வரி, பதிவு, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்ந்து கைக்கு வரும் விலை வேறு. எங்கள் வரம்பு எட்டு லட்சம். முதிர்ந்த ஒரு டெபாசிட். அதற்கு மேல் ஒரு பைசா இல்லை.

மழைக்காலத்தில் உங்கள் தெருவில் தண்ணீர் எந்த உயரத்துக்கு நிற்கிறது என்று பாருங்கள். எங்கள் சந்தில் கணுக்காலுக்கு மேல் நிற்கும். தாழ்ந்த வண்டி உதவாது. மின்சாரக் கார் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் கராஜில் தனி மீட்டர் கிடையாது. மூன்றாம் மாடியிலிருந்து ஒயரை ஜன்னல் வழியாகத் தொங்கவிட வேண்டியதுதான்.

கடைசியாகச் சொல்வதுதான் முக்கியம். அந்த வண்டியில் தினமும் ஏறி இறங்கப்போகிறவரை முதலில் உட்காரவைத்துப் பாருங்கள். இது எனக்கு எழுபத்தாறு வயதில் புரிந்தது. நான் வாங்கிய முதல் காரை ஆபீஸில் என் மேலதிகாரி பார்க்கட்டும் என்று வாங்கினேன். இரண்டாவதை, முதலாவதைவிடப் பெரியதாக இருக்கட்டும் என்று வாங்கினேன். இரண்டு முறையும் கோமதி அதில் முதல் தடவை உட்கார்ந்தது வீட்டு வாசலில்தான், மாலை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கிய பிறகு.

இந்த முறை மாப்பிள்ளை சுப்ரதோ கம்ப்யூட்டரில் ஒரு பட்டியல் தயாரித்துக் கொண்டுவந்தார். மூன்று வண்டிகள், இருபது கட்டங்கள். நல்ல பிள்ளை; எங்களோடு வங்காளியில் பேசுவார், நாங்கள் பாதித் தமிழில் பதில் சொல்வோம். ஒரு குறையும் வந்ததில்லை. அவருடைய பட்டியலில் எல்லாம் இருந்தது. ஓட்டுவது யார் என்கிற கட்டம் மட்டும் இல்லை.

3

அந்தக் கேள்வியைக் கேட்டவள் ஷோரூமில் வேலை செய்யும் மௌஷுமி என்ற பெண். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். கோமதியின் கையைப் பிடித்து ஒவ்வொரு வண்டியிலும் ஏற்றி இறக்கினாள். முதல் வண்டியின் இருக்கை பள்ளம். இரண்டாவதில் ஏற ஒரு முக்காலி வேண்டும். மூன்றாவது நீல நிறத்தில் நின்றது. நீளம் குறைவு, இருக்கை நாற்காலி உயரம், கியர் தானாகவே மாறும். கோமதி ஒரே அசைவில் உட்கார்ந்துவிட்டு, "இது நம்ம வீட்டு நாற்காலி மாதிரி இருக்கு அத்தான்" என்றாள். அவள் என் மாமன் மகள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான் அவளுக்கு அத்தான்தான்.

மௌஷுமி என்னை மாமா முறை வைத்து வங்காளியில் கேட்டாள். "மேஷோமஷாய், வண்டியை யார் ஓட்டப்போகிறீர்கள்? அதைச் சொன்னால்தான் கியர் விஷயம் முடிவு பண்ண முடியும்."

"டிரைவர்" என்றேன்.

கோமதி உள்ளே இருந்தபடியே சிரித்தாள். அவளுடைய வங்காளி என்னுடையதைவிட நல்ல வங்காளி. "நானே ஓட்டியிருப்பேன் பெண்ணே. முறையாகக் கற்றுக்கொண்டவள் நான். உங்கள் ஊர் ஆபீஸ்தான் எனக்கு லைசென்ஸ் கொடுக்கவில்லை. மதராஸிக்காரி, ரேஷன் கார்டு வெளியூர் என்று சொல்லிவிட்டார்கள்."

இந்தக் கதையை நான் நூறு முறை கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் வேறு பக்கம் பார்ப்பேன். அன்றைக்கும் ஏதோ ஒரு டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தப் பெண் கோமதியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "சீச்சீ, அப்படியா செய்தார்கள்! மன்னித்துவிடுங்கள் மாஷிமா. எங்களுக்கே வெட்கமாக இருக்கிறது" என்றாள்.

அது நடந்ததாகச் சொல்லப்படும் காலத்தில் அவள் பிறந்திருக்கவே இல்லை. தன் ஊருக்காக அவள் என் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டாள். நான் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

4

நடந்தது இதுதான்.

நித்யா ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம் கோமதி கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் பள்ளியில் சேர்ந்தாள். காலை ஆறு மணிக்கு மைதானத்தை ஒட்டிய சாலையில் ஆறு வாரம் ஓட்டினாள். பயிற்சி உரிமத்தையும் வாங்கிவிட்டாள். முகவரிக்குச் சான்றாக என்னுடைய இன்ஷூரன்ஸ் பாலிசியைத்தான் கொடுத்தோம், அதை ஏற்றுக்கொண்டார்கள். ஆறு மாதத்துக்குள் ஓட்டிக் காட்டி நிரந்தர உரிமம் வாங்க வேண்டும். எங்கள் வீட்டில் ஆபீஸ் காரியம் எல்லாம் நான்தான் பார்ப்பேன். பரீட்சைக்கு நாள் வாங்கி வருகிறேன் என்று தாள்களை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வரிசையில் நேரமாகும் என்று அவள் தயிர்சாதம் கட்டிக் கொடுத்தாள்.

நான் அந்த அலுவலகத்துக்குப் போகவே இல்லை. என் ஆபீஸுக்குப் போனேன். மத்தியானம் என் மேசையிலேயே தயிர்சாதத்தைச் சாப்பிட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி எறிந்து, "திருநெல்வேலி ரேஷன் கார்டு செல்லாதாம். உள்ளூர்க் கார்டு கொண்டுவாங்கான். வெளியூர்க்காரன்னா இவனுகளுக்கு இளக்காரம்" என்றேன்.

அவள் நம்பினாள். நம்புவதற்குக் காரணம் இருந்தது. எங்களுக்கு கேஸ் இணைப்புக் கிடைக்க ஒரு வருடம் ஆனது உண்மை. கார்டு ஊரில் இருந்ததுதான் அதற்குத் தடை. ஊரிலிருந்து கார்டை மாற்ற நான்கு கடிதம் எழுதியதும் உண்மை. புலம்பெயர்ந்து வாழ்கிறவன் வீட்டில் அலுவலகங்களைப் பற்றிய குறைகள் எப்போதும் தயாராக இருக்கும். என் பொய்யை அந்த உண்மைகளுக்கு நடுவே உட்காரவைத்தேன். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

மேலும் இரண்டு முறை அவள் அனுப்பினாள். மேலும் இரண்டு முறை நான் போகவில்லை. ஆறு மாதம் முடிந்தது.

ஏன் செய்தேன்? விபத்துகளைத் தினமும் தாளில் பார்க்கிறவன், பயந்துவிட்டேன் என்று எனக்கு நானே பல வருடம் சொல்லிக்கொண்டேன். அது காரணம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவளை அழைத்துவரப் போயிருந்தபோது, சொல்லிக்கொடுக்கும் பெரியவர் என்னிடம் சிரித்துக்கொண்டே, "தாதா, பௌதியின் கை உங்கள் கையைவிட நிதானம்" என்றார். தாதா என்றால் அண்ணன், பௌதி என்றால் அண்ணி. நான் என் பரீட்சையில் முதல் முறை தோற்றவன். அதை வீட்டில் சொன்னதில்லை. திரும்பி வரும்போது கோமதி, "இனிமே சாந்த்ராகாச்சிக்கு நானே போயிட்டு வந்திருவேன் அத்தான், உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன்" என்றாள். அவளுடைய அக்கா அங்கே ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தார். சந்தோஷமாகத்தான் சொன்னாள். எனக்கு அது பிடிக்கவில்லை. எங்கேயாவது போக வேண்டுமென்றால் அவள் என்னிடம் கேட்க வேண்டும். நான் கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி என்று சொல்ல வேண்டும். அந்தக் கொஞ்ச நேரத்தை நான் விடத் தயாராக இல்லை.

பிறகு அந்த அக்கா இறப்பதற்கு முன் ஒரு வருடம் படுக்கையில் கிடந்தபோது, கோமதி வாரத்துக்கு மூன்று நாள் பஸ்ஸும் ரயிலும் மாறி மாறிப் போய் வந்தாள். முழங்கால் அந்த வருடம்தான் கெட ஆரம்பித்தது. இதை நான் ஊகமாகச் சொல்கிறேன். டாக்டர் வேறு காரணம் சொல்லக்கூடும்.

பொய் சொன்னவனுக்கு அதோடு முடிந்துவிடுகிறது. நம்பினவளிடம் அது வளர்கிறது. நித்யாவிடம் சொன்னாள், கீழ்வீட்டு ஹால்தார் பாபுவிடம் சொன்னாள், ஊரிலிருந்து வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். நித்யா வங்காளிப் பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்றபோது, நிச்சயதார்த்தப் பேச்சில் சுப்ரதோவின் அம்மாவிடமும் சொன்னாள். "எத்தனை வருடம் இருந்தாலும் உங்கள் ஊர் எங்களைத் தன் ஆளாக நினைக்கவில்லை. என் பெண்ணையாவது நினைக்க வேண்டும்" என்றாள். அந்த அம்மாள் கண் கலங்கிவிட்டார்கள். நான் அந்த அறையில்தான் இருந்தேன்.

5

ஷோரூமிலிருந்து வந்த பிறகு நான்கு நாள் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் காலை, நீல வண்டி கராஜில் கொள்ளுமா என்று பார்க்க நாங்கள் இருவரும் கீழே இறங்கினோம். டேப்பின் ஒரு நுனியைக் கோமதி அந்தப் பக்கச் சுவரில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். மறுநுனி என் கையில்.

"கோமதி, லைசென்ஸ் ஆபீஸுக்கு நான் போகவே இல்ல" என்றேன்.

"எப்ப? நேத்தா?"

"அப்ப. நித்யா அஞ்சாங்கிளாஸ் படிக்கையில."

டேப் அசையவில்லை. "தயிர்சாதம் கட்டிக் கொடுத்தேனே" என்றாள்.

"என் ஆபீஸ்ல வச்சுச் சாப்பிட்டேன்."

"ரெண்டாம் தடவை?"

"அன்னைக்கும் ஆபீஸ்தான்."

"மூணாம் தடவை மழையில நனைஞ்சு வந்தீங்க. வரிசை வெளிய நின்னுச்சு, கூரை இல்லன்னீங்க. தலை துவட்டி விட்டேன்."

"டிராம் ஸ்டாப்ல நின்னேன்."

"வேணும்னேவா?"

"வேணும்னேதான்."

"பொய்க்கு அம்புட்டு மெனக்கெட்டிருக்கீங்க" என்றாள். "பரீட்சைக்கு நாள் வாங்க அதுல பாதி மெனக்கெட்டிருந்தாப் போதும்."

பிறகு ஏன் என்று கேட்டாள். மேலே உங்களுக்கு எழுதியதை அவளிடம் சொன்னேன். இதைவிடக் குறைந்த வார்த்தைகளில் சொன்னேன். அவள் டேப்பின் நுனியைச் சுவரிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எம் மேல பொறாமைன்னா எங்கிட்டச் சண்டை போட்டிருக்கலாம். ஓட்டக் கூடாதுன்னு சொல்லியிருந்தாக்கூட நாலு நாள் அழுதுட்டு விட்டிருப்பேன். இந்த ஊரை எதுக்கு அத்தான் இழுத்தீங்க? இருபத்தெட்டு வருஷமா இவங்களைக் குத்தம் சொல்லிக்கிட்டு இருக்கேன். சம்பந்தியம்மா எங் கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டாங்க. அவங்க போய்ச் சேர்ந்து மூணு வருஷம் ஆச்சு. நான் யாருகிட்டப் போய்ச் சொல்லுவேன், அது பொய்யின்னு?"

டேப்பில் எண் எதுவென்று பார்க்கக் குனிந்தேன்.

"ஏழடி ரெண்டு அங்குலம் இருக்கு. எழுதிக்கிடுங்க" என்றாள். நான் எழுதிக்கொண்டேன். மாடி ஏறும்போது முன்னால் போனவள் நின்று, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளைகிட்ட நீங்களே சொல்லணும். நித்யாகிட்டத் தமிழ்ல சொல்லிட்டு ஒளிஞ்சுக்கிடக் கூடாது. பெங்காலியில சொல்லணும். நான் அவங்க அம்மாகிட்டப் பெங்காலியிலதான் சொன்னேன்."

6

நாற்பத்தொன்பது வருடமாக வங்காளி பேசுகிறேன். எல்லாம் காய்கறிக் கடை வங்காளி, ஆபீஸ் வங்காளி. சேதம் எவ்வளவு, சாட்சி யார், தாள் எங்கே என்று கேட்கத் தெரியும். தப்பு செய்தவன் பேச வேண்டிய வங்காளியை நான் கற்றுக்கொள்ளவே இல்லை. சனிக்கிழமை முழுவதும் மனத்துக்குள் வாக்கியம் கூட்டிப் பார்த்தேன். அகராதியைக்கூட எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நித்யா வீட்டில் சாப்பாட்டுக்குப் பிறகு சுப்ரதோ தன் பட்டியலை மேசையில் விரித்தார். நான், "ஆமி மித்தே போலேசிலாம்" என்று ஆரம்பித்தேன். பொய் சொன்னேன் என்று அர்த்தம். அதற்கு மேல் தயாரித்து வைத்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை. வினைச்சொற்களை மாற்றிப் போட்டு, சின்னக் குழந்தை போல உடைத்து உடைத்துச் சொன்னேன். கோமதி ஒரு வார்த்தையும் எடுத்துக்கொடுக்கவில்லை.

நித்யா முதலில் சிரித்தாள். "அப்பா, நிஜமாவா? டிராம் ஸ்டாப்ல நனைஞ்சீங்களா?" பிறகு தாயின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். அம்மாவும் பெண்ணும் வங்காளியில் வேகமாக ஏதோ பேசிக்கொண்டார்கள். நித்யாவுக்குக் கோபம் வந்தால் தமிழ் போதாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். தமிழே மறக்கிறாள் என்று அதற்காகவும் நான் இந்த ஊரைக் குறை சொன்னதுண்டு. பேச்சின் பாதி எனக்குப் புரியவில்லை. புரிந்த பாதி போதுமானதாக இருந்தது.

சுப்ரதோ பட்டியலை மடித்துக்கொண்டே இருந்தார். "பாபா, நிச்சயதார்த்தப் பேச்சு முடிந்து வீட்டுக்குப் போனதும் அம்மா என்னிடம் ஒன்று சொன்னாள்" என்றார். "இவர்களை இந்த ஊர் படுத்தியிருக்கிறது, நம் வீடு படுத்தக் கூடாது என்றாள். நித்யாவை ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை. அதற்கு அதுவும் ஒரு காரணம்." கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா தெரியாமலே போனது ஒருவிதத்தில் நல்லதுதான்" என்றார். எனக்கு ஆறுதலாகச் சொன்னாரா, குத்திச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியவில்லை. இரண்டாகவும் இருக்கலாம்.

நாங்கள் கிளம்பும்போது சுப்ரதோ கோமதியிடம், "மா, ஓட்டுவது யார் என்று பட்டியலில் எழுதட்டுமா?" என்று கேட்டார்.

"எழுதுங்க. கோமதின்னு எழுதுங்க" என்றாள்.

7

நீல வண்டியைத்தான் வாங்கினோம். நான் வெள்ளை சொல்லியிருந்தேன்; பிறகு விற்கும்போது வெள்ளைக்கு விலை கிடைக்கும் என்பது என் கணக்கு. "நான் விக்கதுக்கா வாங்குதேன்?" என்று கேட்டுவிட்டாள். எட்டு லட்சத்துக்குள் அடங்கியது. மௌஷுமி இன்ஷூரன்ஸில் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தாள். கோமதி அவளைத் தனியாக அழைத்துப் போய், அன்றைக்குச் சொன்னது தப்பு, உங்கள் ஊர் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லிவிட்டு வந்தாள். தூரத்திலிருந்து அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் இந்த முறை டயரைப் பார்க்கவில்லை.

பயிற்சி உரிமத்துக்குக் கோமதி மறுபடி விண்ணப்பித்தாள். தாள்களை என்னைத் தொட விடவில்லை. சுப்ரதோவுடன் போனாள், நான் கூடப் போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். கம்ப்யூட்டரில் சாலைக் குறிகளைப் பற்றிக் கேள்வி கேட்டார்கள். ஒன்றைத் தவிர எல்லாம் சரி. முடிந்ததும் கவுண்டரில் இருந்த தலை நரைத்த மனிதரிடம் ஒரு கேள்வி கேட்டாளாம்: அந்தக் காலத்தில் ரேஷன் கார்டு வெளியூராக இருந்தால் நிரந்தர உரிமம் கொடுக்க மாட்டீர்களா? அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "பயிற்சி உரிமம் கொடுத்துவிட்ட பிறகு அப்புறம் என்ன கேள்வி பௌதி? வந்து ஓட்டிக் காட்டினால் போதுமே" என்றாராம்.

இதை வெளியே வந்து என்னிடம் சொன்னாள். எனக்கு அது அப்போதே தெரியும் என்றேன். "தெரியும்னு தெரியும்" என்றாள்.

வீட்டில் நாங்கள் பேசிக்கொள்கிறோம். காபி வருகிறது. மாத்திரை எடுத்து வைக்கிறாள். ஆனால் வங்கி, மின்கட்டணம், சிகிச்சைக்கு நாள் குறிப்பது என்று நான் பார்த்துக்கொண்டிருந்த காரியங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டுவிட்டாள். "நீங்க போயிட்டு வந்தேன்னு சொன்னா, எங்கே போயிட்டு வந்தீங்கன்னு நான் யோசிக்கணும்லா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டியதாயிற்று.

8

பயிற்சியில் இருப்பவர் பக்கத்தில் உரிமம் உள்ள ஒருவர் உட்கார வேண்டும் என்பது சட்டம். முப்பத்தைந்து வருடம் ஓட்டிய என்னிடம் இப்போது அது இல்லை. எனவே விடுமுறை நாட்களில் சுப்ரதோ வந்து முன்னால் உட்காருகிறார், நான் வீட்டில் இருக்கிறேன். சிவப்பில் 'எல்' எழுத்து ஒட்டிய நீல வண்டி காலை ஆறரைக்குக் கிளம்பும், ஏழரைக்குத் திரும்பும். ஓட்டுவதைவிடப் பின்பக்கமாகக் கராஜுக்குள் ஏற்றுவதுதான் அவளுக்குக் கஷ்டம்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்துக்கு நான் கீழே போய் நின்றேன். வண்டி வந்தது. மூன்று முறை பின்னால் வந்து மூன்று முறையும் கோணலாகி, மறுபடி முன்னால் போனாள். சந்தில் நாலு பேர் கூடிவிட்டார்கள். கல்கத்தாவில் ஒருவர் வண்டியைப் பின்னால் எடுத்தால் நாலு பேர் வழி சொல்லாமல் இருக்க மாட்டார்கள். "பௌதி, இடது, இடது!" "அய்யோ, அவ்வளவு இல்லை!" "நில்லுங்கள், குழாய் இருக்கிறது!"

கீழ்வீட்டு ஹால்தார் பாபு கையில் பால் பாக்கெட்டோடு என் பக்கத்தில் வந்து நின்றார். வண்டியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "கடைசியில் கொடுத்துவிட்டார்களே தாதா" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. "இருபத்தெட்டு வருடம் கழித்து! நம் ஆபீஸ்களுக்குப் புத்தி வந்துவிட்டது போல."

வண்டியின் ஜன்னல் திறந்திருந்தது. சுப்ரதோ என்னைப் பார்த்தார். கோமதி பார்க்கவில்லை, இரண்டு கைகளும் சக்கரத்தின் மேல் இருந்தன. கூடியிருந்தவர்களில் இருவர் சிரித்தார்கள். ஒன்றும் சொல்லாமல் நானும் சிரித்துவைத்தால் அது அப்படியே போய்விடும். அப்படித்தான் எப்போதும் போயிருக்கிறது.

"அவர்கள் மறுக்கவே இல்லை ஹால்தார் பாபு" என்றேன். "நான் தாள்களைக் கொடுக்கவே இல்லை. போனதாகச் சொன்னது பொய். ஆபீஸ் மேல் தப்பில்லை."

வினைச்சொற்கள் இந்த முறை சரியாகவே வந்தன. ஹால்தார் பாபு பால் பாக்கெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். இடது இடது என்று கத்திக்கொண்டிருந்தவர்களும் நிறுத்திவிட்டார்கள். இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டது.

கோமதி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, தமிழில் சொன்னாள்.

"அத்தான், அங்கன நின்னா எனக்குத் தெரியல. கொஞ்சம் வலது பக்கமா வந்து, கண்ணாடியில தெரியுத மாதிரி நில்லுங்க."

நகர்ந்து நின்றேன். வண்டி மெதுவாக என்னை நோக்கிப் பின்னால் வந்தது.